புதுப்பிக்கப்பட்ட காட்டேரிகள்: ஒரு மறுப்புரை

1

‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்பது பழைய ரத்தக் காட்டேரிப் படங்களின் குறுந்தகட்டு உறைகளில் தவறாது இடம்பெறும் வாசகம். எந்தப் பிரதியிலிருந்து புதுப்பித்தார்கள், எதை நீக்கினார்கள், எதைச் சேர்த்தார்கள், யார் அதைத் தீர்மானித்தார்கள் என்னும் கேள்விகளுக்கு அந்த உறையில் பெரும்பாலும் விடை இராது. ஒரு சங்க நூலைப் ‘பிழை நீக்கி அழகுற அச்சிடப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு யாரேனும் வெளியிட்டால் நாம் ஏற்போமா? பிழை என்று எதைக் கண்டீர், எந்த ஆதாரத்தில் நீக்கினீர் என்று முகவுரையிலேயே மல்லுக்கு நிற்போம். திரைப்படம் என்று வந்தால் மட்டும் அந்தக் கறார்த்தன்மை நம்மை விட்டுப் போய்விடுகிறது.

2024 டிசம்பரில் ராபர்ட் எக்கர்ஸ் இயக்கிய ‘நோஸ்ஃபெராட்டு’ வெளிவந்ததையடுத்து, அதற்கு மூலமான 1922ஆம் ஆண்டுப் படத்தை வீட்டிலிருந்தபடியே தேடிப் பார்த்தவர்கள் அநேகர். அவர்கள் பேசுவதையும் எழுதுவதையும் கவனித்தால் இரண்டு கட்சிகள் புலப்படுகின்றன. முதற்கட்சியார் இலக்கியப் பற்றாளர்கள். ‘பேய்ப் படத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா? உலகின் உன்னதப் படங்கள் எத்தனையோ அழிந்துகொண்டிருக்க, காட்டேரிக்கு ஏன் பொருளும் உழைப்பும்?’ என்பது இவர்கள் வாதம். இரண்டாம் கட்சியார் தொழில்நுட்பப் பற்றாளர்கள். ‘கீறல் இருக்கக் கூடாது, புள்ளி இருக்கக் கூடாது, நேற்று எடுத்த படம்போல் மின்ன வேண்டும், இல்லையேல் புதுப்பித்து என்ன பயன்?’ என்பது இவர்கள் கேள்வி.

இவை ஒன்றுக்கொன்று எதிரான நிலைகளாகத் தோன்றும். நமக்கோ இவை ஒரே வேரில் கிளைத்தவையாகப் படுகின்றன. படம் என்றால் கதை. கதை புரிந்துவிட்டால் படம் பார்த்தாயிற்று. அது எந்தப் பிரதி, எந்த வேகம், எந்த நிறம் என்பதெல்லாம் மேலோட்டமான சங்கதி. இந்த நம்பிக்கைதான் ஒரு கட்சியாரைப் புதுப்பித்தலே வேண்டாம் என்று சொல்ல வைக்கிறது. மறு கட்சியாரை எப்படி வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம் என்று சொல்ல வைக்கிறது. இரண்டையும் மறுப்பதற்கே இக்கட்டுரை.

2

நோஸ்ஃபெராட்டுவிலிருந்து தொடங்குவோம். ஜெர்மானிய இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவின் இப்படம் 1922 மார்ச் 4 அன்று பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. தயாரித்தது பிரானா-ஃபிலிம் என்னும் சிறு நிறுவனம். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) நாவலை உரிமை பெறாமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்துவிட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் திவாலானது. 1925இல் ஜெர்மானிய நீதிமன்றம் படத்தின் எல்லாப் பிரதிகளையும் அழிக்க ஆணையிட்டது. அதற்குள் சில பிரதிகள் பிற நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அவற்றால்தான் படம் பிழைத்தது.

பிழைத்தது என்பது உண்மை. எந்த நிலையில் பிழைத்தது என்பதே கேள்வி. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கறுப்பு-வெள்ளைப் பிரதிகளில் ஒன்றைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியில் சிரித்திருக்கக்கூடும். ஓர்லோக் பிரபு தன் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகரத் தெருவில் நடந்து போகிறான். வெயில் பளீரென்று அடிக்கிறது. சுவர்களில் நிழல் விழுகிறது. அதே படத்தின் இறுதியில் சேவல் கூவி, சூரிய ஒளி சன்னல் வழியே நுழைந்ததும் அவன் புகையாய்க் கரைந்துபோகிறான். பட்டப்பகலில் ஊர் சுற்றியவன் விடியலில் ஏன் சாக வேண்டும்? ‘அந்தக் காலத்துப் படம், தர்க்கம் பார்க்கக் கூடாது’ என்று பெரிய மனது பண்ணி மன்னிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம்.

மன்னிப்புக் கேட்க வேண்டியது முர்னாவ் அல்லர். அக்காலத்துப் படச்சுருளுக்கு இரவைப் பதிவுசெய்யும் ஒளியுணர்வு போதாது. ஆகவே இரவுக்காட்சிகளைப் பகலில் எடுத்துவிட்டு, பிரதியின் மீது நீலச் சாயம் ஏற்றினார்கள். நீலம் என்றால் இரவு; மஞ்சள் என்றால் பகல் அல்லது விளக்கு வெளிச்சம்; இளஞ்சிவப்பு என்றால் விடியல். பார்வையாளருக்கு அந்த மொழி பழக்கமானது. பிற்காலத்தில் பிரதியெடுத்தவர்கள் கறுப்பு-வெள்ளைச் சுருளில் நகலெடுத்தபோது சாயம் போயிற்று. சாயம் போனதும் இரவு போயிற்று.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. சூரிய ஒளி பட்டால் காட்டேரி அழியும் என்பது ஸ்டோக்கரின் நாவலில் இல்லை. நாவலின் டிராகுலா பகலிலும் லண்டன் தெருக்களில் நடமாடுகிறான்; அப்போது அவன் ஆற்றல் குன்றியிருக்கும், அவ்வளவே. பின்னாளில் எண்ணற்ற படங்களும் கதைகளும் எடுத்தாண்ட ‘ஒளியே காட்டேரிக்கு எமன்’ என்னும் கருத்துக்கு வழிவகுத்தது முர்னாவின் படம். அப்படியானால், இரவுக்கும் பகலுக்குமான வேறுபாடே அப்படத்தின் முதுகெலும்பு. நீலத்தை இழந்த பிரதி அந்த முதுகெலும்பை இழந்த பிரதி. கதை தெரிந்துகொள்வதற்கு நிறம் எதற்கு என்று கேட்போருக்கு நம் விடை இதுதான்: நிறம் இல்லாத பிரதியில் கதையே தெரியவில்லை.

வேகமும் அத்தகையதே. மௌனப் படங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓட்டப்பட்டவை அல்ல. பேசும்படத்துக்கென்று பின்னர் நிலைபெற்ற வினாடிக்கு 24 சட்டக வேகத்தில் அவற்றை ஓட்டினால் மனிதர்கள் தத்தித் தத்தி ஓடுவார்கள். நோஸ்ஃபெராட்டுவில் ஓர்லோக்கின் குதிரை வண்டி ஹுட்டரை ஏற்றிச் செல்லும் காட்சி மட்டும் வேண்டுமென்றே இயற்கைக்கு மாறான விரைவில் அமைக்கப்பட்டது. காடு எதிர்ப்படமாகத் தெரியும்; மரங்கள் வெளிறிப் பேய்க்காடாய் நிற்கும். மனித உலகத்து நடை ஒன்று, மறு உலகத்து நடை வேறு என்பது அங்கே பொருள். படம் முழுவதையும் விரைவாக ஓட்டிவிட்டால் எல்லோரும் பேய்களாகிவிடுகிறார்கள். பேய்க்குத் தனி நடை இல்லாமல் போகிறது.

பெயர்களும் தப்பவில்லை. அமெரிக்காவில் புழங்கிய பிரதிகள் பலவற்றில் ஓர்லோக் ‘டிராகுலா’ ஆனான். ஹுட்டர் ‘ஹார்க்கர்’ ஆனான். எலன் ‘நினா’ ஆனாள். எந்தப் பெயர்களாக மாற்றியும் வழக்கில் சிக்கிப் படம் தண்டனை பெற்றதோ, அந்தப் பெயர்களையே நீக்கி, வழக்கின் தடயத்தையும் துடைத்துவிட்டார்கள். ஒரு காவியத்தின் பாத்திரப் பெயர்களை ஏடெழுதுபவர் தம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டா?

3

தமிழ் படித்தவர்களுக்கு இதெல்லாம் புதிய சிக்கல் அன்று. தொட்டால் ஒடியும் ஏடுகளிலிருந்து நூல்களை அச்சேற்றிய தலைமுறையின் வாரிசுகள் நாம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஏட்டிலிருந்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடவில்லை. தம் மனத்துக்குப் பட்டதை எழுதிச் சேர்க்கவும் இல்லை. எந்த ஏடுகள் எங்கிருந்து கிடைத்தன என்று முகவுரையில் சொன்னார். ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களைப் பிரதிபேதம் என்று குறித்தார். புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை; இன்றும் அந்த எண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. எண்ணை மாற்றி வரிசையை அடைத்துவிட்டால் யாருக்கும் தெரிந்திராது. அந்த வெற்றிடம் நிரப்பப்படவில்லை என்பதால்தான் சுற்றியுள்ள பாடல்களை நாம் நம்புகிறோம்.

இதையே செம்பதிப்பு என்கிறோம். திரைப்படத்தைப் புதுப்பிப்பதும் செம்பதிப்பு முயற்சிதான் என்பது நம் துணிபு. பிரதிகளைத் திரட்டல், ஒப்பிடல், பாடம் தேர்தல், தேர்ந்ததற்குக் காரணம் சொல்லல், இல்லாததை இல்லை என்று காட்டல் ஆகிய ஐந்தும் அதற்கும் பொருந்தும்.

நோஸ்ஃபெராட்டுவுக்கு அப்படி ஒரு பதிப்பு உண்டு. முர்னாவ் பெயரால் ஜெர்மனியில் இயங்கும் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியாத்துவா 2005-06இல் மேற்கொண்ட புதுப்பித்தல் அது. பாரிஸிலுள்ள சினிமாதெக் ஃபிரான்சேஸில் இருந்த, பிரெஞ்சு எழுத்தட்டைகள் கொண்ட, சாயமேற்றிய 1922ஆம் ஆண்டு நைட்ரேட் பிரதி அதற்கு அடிப்படை. அதில் இல்லாத காட்சிகளை வேறு பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். அவற்றுள் ஒன்று, முர்னாவுக்குத் தொடர்பில்லாமல் 1930இல் வேறு பெயரில் மாற்றித் தொகுக்கப்பட்ட வடிவத்தின் பிரதி. மூல ஜெர்மன் எழுத்தட்டைகளில் பெரும்பாலானவை பெர்லின் ஆவணக்காப்பகத்திலிருந்த 1962ஆம் ஆண்டு நகல் ஒன்றிலிருந்து கிடைத்தன. இத்தனை செய்தியும் படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் காட்டப்படுகிறது. கிடைக்காத எழுத்தட்டைகளை மூல எழுத்துருவைப் பின்பற்றிப் புதிதாகச் செய்தார்கள். செய்த ஒவ்வொன்றின் மீதும் அறக்கட்டளையின் முதலெழுத்துகளை அடையாளமாகப் பொறித்தார்கள். இது பழையது, இது நாம் இட்டது என்று பார்வையாளர் பிரித்தறிய முடியும்.

அந்தச் சிறு அடையாளம்தான் நமக்கு முக்கியம். புதுப்பித்தவரின் கை எங்கே பட்டது என்று காட்டும் நேர்மை அது. படத்துக்கென்று ஹான்ஸ் எர்ட்மன் அமைத்த இசையும் பெரும்பகுதி தொலைந்தது. எஞ்சிய அவருடைய இசைத்தொகுப்பைக் கொண்டு பின்னாளில் மீட்டமைத்தார்கள். அதையும் ‘மீட்டமைக்கப்பட்டது’ என்றே சொல்லி வெளியிட்டார்கள். இவ்வளவு உழைப்பும் ஒரு பேய்ப் படத்துக்கா என்று கேட்கும் முதற்கட்சியாருக்கு ஒன்று சொல்வோம். தகுதி பார்த்துத் தேர்ந்து பாதுகாத்தவர்களின் கையில் அழிந்தவை ஏராளம். எந்த நூல் உயர்ந்தது, எது கழிக்கத்தக்கது என்று ஏடு வைத்திருந்தவர்கள் தீர்மானித்ததால் நாம் இழந்தவற்றின் பட்டியலை இங்கே எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

4

இரண்டாம் கட்சியாரை எதிர்கொள்ள டென்மார்க் இயக்குநர் கார்ல் தியோடர் டிரேயரின் ‘வாம்பைர்’ (1932) துணைக்கு வரும். இப்படத்தின் ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாட்டே. படம் முழுவதும் ஒரு சாம்பல் மூட்டம் கவிந்திருக்கும். வெள்ளை வெள்ளையாக இராது. கறுப்பு கறுப்பாக இராது. தொடக்க நாட்களில் எடுத்த காட்சி ஒன்றில், லென்ஸின் மீது தவறுதலாகப் பட்ட ஒளியால் பிம்பம் வெளிறிப்போனது என்றும், அதைப் பார்த்த டிரேயர் இதுவே தமக்கு வேண்டிய தோற்றம் என்று தீர்மானித்தார் என்றும், பிறகு அந்த விளைவைத் திட்டமிட்டே உண்டாக்கினார்கள் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். கேமராவுக்கு முன்னே மெல்லிய சல்லாத்துணி பிடித்தும் எடுத்தார்கள்.

இப்போது ஒரு தொழில்நுட்பப் பற்றாளரிடம் இப்படத்தைக் கொடுங்கள். மூட்டத்தைக் குறை என்று காண்பார். கறுப்பை ஆழமாக்குவார், விளிம்புகளைக் கூர்மையாக்குவார், படச்சுருளுக்கே உரிய மணிமணியான துகள்களை இரைச்சல் என்று எண்ணி வழித்தெடுப்பார். விளைவு கண்ணாடிபோல் இருக்கும். அங்கே டிரேயர் இரார். விழித்திருக்கும்போது காணும் கனவு என்று அவர் கருதியதைப் பட்டப்பகல் நிழற்படமாக்கிவிட்ட பெருமை மட்டும் எஞ்சும். கீறல் காலம் இட்டது. மூட்டம் கலைஞர் இட்டது. இரண்டையும் ஒரே துடைப்பத்தால் பெருக்குகிறவர் தம்மைத் தூய்மையாளர் என்று சொல்லிக்கொள்ளலாம்; பதிப்பாசிரியர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

வாம்பைருக்கு வேறு சிக்கல்களும் உண்டு. அது ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளுக்கென உருவாக்கப்பட்டது. படத்தின் மூல எதிர்ப்படமும் ஒலியின் மூலமும் இன்று இல்லை. மார்ட்டின் கோயர்பர் 1998இல் முடித்த புதுப்பித்தல், குறையுற்ற ஜெர்மன், பிரெஞ்சுப் பிரதிகளை ஒட்டவைத்து உருவானது. ஜெர்மானியத் தணிக்கையார் வெட்டச் சொன்ன பகுதிகள், அதாவது காட்டேரியின் உடலில் முளை இறக்கும் காட்சியும் மாவு ஆலையில் மருத்துவர் புதைந்து சாகும் காட்சியும், ஜெர்மன் வடிவத்தில் சுருக்கப்பட்டிருந்தன. 2008இல் வந்த டிவிடி பதிப்பு ஒன்றில் அவற்றைப் படத்துக்குள் திணிக்காமல் தனியே இணைத்துத் தந்தார்கள். அதுவே முறை. தணிக்கைக்கு உட்பட்ட படமும் ஒரு வரலாற்று உண்மை. வெட்டுண்ட பகுதியும் ஓர் உண்மை. இரண்டையும் கலந்து எக்காலத்திலும் எங்கும் திரையிடப்படாத ஒரு மூன்றாம் படத்தை உருவாக்கி ‘முழுமையானது’ என்று விற்பது எளிது. அதை மறுத்ததில்தான் பதிப்பாசிரியரின் அடக்கம் தெரிகிறது.

இங்கே அண்மைக் காலத்துக் கொடுமை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு பழைய படங்களை உருப்பெருக்கி, வண்ணம் தீட்டி, வினாடிக்கு 60 சட்டகங்களாக்கி இணையத்தில் ஏற்றுகிறார்கள். இல்லாத சட்டகங்களை இயந்திரம் கற்பனை செய்கிறது. முகத்தில் இல்லாத தோலை வரைகிறது. பார்க்கிறவர்கள் ‘உயிர் வந்துவிட்டது’ என்று நெகிழ்கிறார்கள். புறநானூற்றின் 267ஆம் பாடலை இயந்திரத்தைக் கொண்டு எழுதுவித்து, வெற்றிடத்தில் ஒட்டி, ‘நூல் முழுமை பெற்றது’ என்று அறிவித்தால் நாம் நெகிழ்வோமா?

5

இல்லாததை இல்லை என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு ஹாலிவுட்டில் ஒரு சான்று உண்டு. டாட் பிரௌனிங் இயக்கி லான் சேனி நடித்த ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ (1927) இன்று தொலைந்த படம். எஞ்சியிருந்ததாக அறியப்பட்ட கடைசிப் பிரதி 1965இல் எம்ஜிஎம் நிறுவனத்தின் கிடங்கில் ஏற்பட்ட தீயில் அழிந்தது. 2002இல் ரிக் ஷ்மிட்லின் என்பவர் கிடைத்த நிழற்படங்களை மட்டும் வரிசைப்படுத்தி, எழுத்தட்டைகள் சேர்த்து, ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்காக மறு ஆக்கம் செய்தார். அசையாத படங்கள் அசையாமலேயே நிற்கின்றன. அதைப் பார்ப்பது சலிப்பு என்பவர்கள் உண்டு. நாம் அதை மதிக்கிறோம். இழப்பின் அளவை அது மறைக்கவில்லை.

அதே பிரௌனிங் 1931இல் பெலா லுகோசியைக் கொண்டு யுனிவர்சல் நிறுவனத்துக்கு எடுத்த ‘டிராகுலா’ வேறு வகையான பாடம் சொல்கிறது. அப்படத்தில் பின்னணி இசை அநேகமாக இல்லை. தொடக்க எழுத்துகளின்போது சாய்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ இசை சிறிது ஒலிக்கும், இசையரங்கக் காட்சியில் சிறிது கேட்கும், மற்றபடி நிசப்தம். பேசும்படத்தின் தொடக்கக் காலத்து நிசப்தம் அது. லுகோசி ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே விடும் இடைவெளி அதில்தான் அச்சமூட்டுகிறது. 1999இல் ஃபிலிப் கிளாஸ் இப்படத்துக்குப் புதிதாக இசையமைத்தார். குரோனோஸ் நால்வர் குழு வாசித்தது. டிவிடியில் மூல ஒலியும் புதிய இசையும் தனித்தனியே தெரிவுசெய்யத் தரப்பட்டன. கிளாஸின் இசை நன்று என்போரோடு நமக்கு வழக்கில்லை. அது ஓர் உரை. மூலமும் உரையும் வெவ்வேறு தடத்தில் இருக்கும்வரை உரைகாரர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் கேடில்லை.

அப்படத்தின் இறுதியில் வான் ஹெல்சிங்காக நடித்த எட்வர்ட் வான் ஸ்லோன் திரைக்கு முன்வந்து பார்வையாளரிடம் பேசும் பின்னுரை ஒன்று இருந்தது. 1936ஆம் ஆண்டு மறுவெளியீட்டின்போது அதை நீக்கினார்கள். யுனிவர்சல் தன் நூற்றாண்டையொட்டி 2012இல் வெளியிட்ட புதுப்பிக்கப்பட்ட பதிப்பிலும் அது படத்தில் சேரவில்லை. ஆக, மிகுந்த பொருட்செலவில் புதுப்பித்து வந்ததும் 1931ஆம் ஆண்டுப் பார்வையாளர் கண்ட அதே படம் அன்று. ‘முழுமையாக’ என்னும் சொல்லின் மீது நமக்குள்ள ஐயத்துக்கு இதைவிட எளிய காரணம் வேண்டுமா?

பகலில் பிரௌனிங் படமெடுத்த அதே அரங்குகளில், இரவில் ஜார்ஜ் மெல்ஃபோர்ட் வேறு நடிகர்களைக் கொண்டு ஸ்பானிய மொழியில் ஒரு டிராகுலாவை எடுத்தார். நெடுங்காலம் அது மறக்கப்பட்டுக் கிடந்தது. யுனிவர்சலிடமிருந்த மூலத்தில் ஒரு சுருள் சிதைந்துபோயிருக்க, அந்தப் பகுதியைக் கியூபாவின் திரைப்பட ஆவணக்காப்பகத்திலிருந்த பிரதி தந்தது. அமெரிக்காவுக்கும் கியூபாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலத்தில் ஹவானாவின் அலமாரி ஒன்று ஹாலிவுட் படத்தைக் காத்து வைத்திருந்தது. ஸ்பானிய வடிவமே கேமரா நகர்வில் மேம்பட்டது என்று வாதிடுவோர் இன்று பலர். அந்த வாதம் நடப்பதற்கே, இரண்டு பாடங்களும் ஒருசேர நம் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

6

கடைசியாக, இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் 1958இல் வெளியிட்ட ‘டிராகுலா’. இயக்கம் டெரன்ஸ் ஃபிஷர்; டிராகுலாவாக கிறிஸ்டோபர் லீ, வான் ஹெல்சிங்காகப் பீட்டர் குஷிங். பிரிட்டிஷ் தணிக்கையார் சில காட்சிகளைக் குறைக்க வைத்தார்கள். ஜப்பானுக்குப் போன பிரதியில் கூடுதல் காட்சிகள் உண்டு என்ற பேச்சு ரசிகர்களிடையே நெடுநாள் உலவியது. பலர் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். 2011இல் டோக்கியோவின் தேசியத் திரைப்பட மையத்தில் அச்சுருள்கள் இருப்பது உறுதியானது. 1984இல் அங்கு நேர்ந்த தீயில் முதல் ஐந்து சுருள்கள் அழிந்துவிட்டன. கடைசி நான்கு தப்பின. அந்த நான்கில்தான் டிராகுலா மினாவை அணுகும் காட்சியின் நீண்ட வடிவமும், வெயிலில் அவன் தன் முகத்தைத் தானே பிய்த்தெறியும் காட்சியும் இருந்தன.

2013இல் இங்கிலாந்தில் வெளியான ப்ளூ-ரே இதை எப்படிக் கையாண்டது? ஜப்பானியச் சுருள்களின் காட்சிகளைச் சேர்த்த புதிய வடிவம் ஒன்று. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2007இல் செய்த புதுப்பித்தல் ஒன்று. கறை படிந்து சிதைந்த நிலையிலேயே ஜப்பானியச் சுருள்கள் நான்கும் தனியே. மூலப்பிரதி, முந்தைய பதிப்பு, புதிய பதிப்பு மூன்றையும் வாசகர் கையில் கொடுப்பதற்கு ஒப்பான செயல் அது.

அந்த வெளியீட்டின் மீது ரசிகர்கள் சினம் கொண்டார்கள். நிறத்தில் நீலம் தூக்கலாக இருக்கிறது, நாம் கண்ட டிராகுலாவின் செந்நிறமும் சதையின் வெதுவெதுப்பும் இதில் இல்லை என்று சண்டையிட்டார்கள். சண்டையில் எந்தத் தரப்பு வென்றது என்பது இங்கே நமக்கு வேண்டாத விஷயம். சண்டை இடுவதற்கான சான்றுகளைப் பதிப்பே தந்திருந்தது என்பதுதான் வேண்டுவது. ஒரு செம்பதிப்பின் வெற்றி அதை மறுப்பதற்கான கருவிகளையும் அதுவே தருவதில் இருக்கிறது.

7

‘சாதாரணப் பார்வையாளருக்கு இதெல்லாம் எதற்கு? மாலையில் ஓய்வாக ஒரு பேய்ப் படம் பார்க்க உட்காருபவரிடம் பிரதிபேதத்தை நீட்டலாமா?’ என்று கேட்கக்கூடும். நீட்ட வேண்டாம், எட்டும் இடத்தில் வைத்தால் போதும். புறநானூற்றுக்குப் பாடபேதம் குறித்ததால் எந்த வாசகரும் ‘யாதும் ஊரே’ பாடலை ரசிக்க முடியாமல் திண்டாடவில்லை. அடிக்குறிப்பைப் பாராது படிப்பவருக்கும் அடிக்குறிப்பு உதவுகிறது. அவர் படிக்கும் மூலபாடத்துக்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

‘விலை?’ என்பார்கள். சிறந்த பதிப்புகள் விலை மிக்கவை, நம் நாட்டில் அரிதாகக் கிடைப்பவை என்பது மெய். இக்குறையை மலிவுப் பிரதிகளைப் போற்றுவதால் தீர்க்க முடியாது. நூலகங்களும் திரைப்படச் சங்கங்களும் கல்லூரிகளும் நல்ல பதிப்புகளை வாங்கி வைப்பதால்தான் தீர்க்க முடியும். கதை, கவிதைத் தொகுதிகளுக்குச் செம்பதிப்பு வேண்டும் என்று கோரும் நாம், திரையிடல் நடத்தும்போது மட்டும் கைக்குக் கிடைத்த கோப்பை ஓட்டிவிட்டு, பிறகு முர்னாவைப் பற்றி ஒரு மணிநேரம் உரையாற்றுகிறோம். எந்த முர்னாவ் என்று யாரும் கேட்பதில்லை.

நம்மை அதிகம் கவலையில் ஆழ்த்துவது வேறொன்று. குறுந்தகட்டின் காலத்தில் உறைக்குள் ஒரு கையேடாவது இருந்தது; மாற்று ஒலித்தடம் இருந்தது; வெட்டுண்ட காட்சிகள் இருந்தன. இன்று வீட்டுக்குள் படம் வருவது பெரும்பாலும் இணைய ஓடை வழியே. அங்கே படத்தின் பெயரும் ஆண்டும் மட்டும் இருக்கும். எந்தப் புதுப்பித்தல், எந்த நீளம், எந்த இசை என்ற செய்தி பெரும்பாலும் இராது. நேற்றிருந்த பிரதியை இன்று மாற்றிவிட்டாலும் பார்ப்பவர் அறிய வழியில்லை. முகவுரையும் பதிப்பாண்டும் பதிப்பாசிரியர் பெயரும் கிழிக்கப்பட்ட புத்தகங்கள் மட்டுமே உள்ள ஒரு நூலகத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டில் படம் பார்ப்பதன் நிலை அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே நாம் கோருவன மிகுதியானவை அல்ல. புதுப்பித்தது என்று சொல்கிறவர், எந்தப் பிரதிகளைக் கொண்டு என்று சொல்லட்டும். புதிதாக இட்டதை அடையாளமிட்டுக் காட்டட்டும். கலைஞர் இட்ட மூட்டத்தையும் காலம் இட்ட கறையையும் பிரித்தறியும் பொறுமை அவருக்கு இருக்கட்டும். கிடைக்காததன் இடத்தை வெறுமையாக விடட்டும். பார்க்கிறவர்களாகிய நாமும் ‘படம் தெளிவாக இருக்கிறதா?’ என்று கேட்பதற்கு முன் ‘இது எந்தப் பிரதி?’ என்று கேட்கப் பழகுவோம். 1925இல் ஒரு நீதிமன்றம் அழிக்கச் சொல்லியும் அழியாத படம் நோஸ்ஃபெராட்டு. நீலம் போய், நடை போய், பெயர்களும் போன ஒரு பிரதியை அதன் பெயரால் நம் வீடுகளில் ஓட்டிக்கொண்டிருந்தால், அந்த ஆணையை இத்தனை ஆண்டுகள் கழித்து நிறைவேற்றியவர்கள் நாமாக இருப்போம்.